பழைய சுவர்களில் புதிய கலை: பினாங்கின் ஜார்ஜ் டவுன்

ஒரு நகரின் பண்பாடு அருங்காட்சியகத்துள் மட்டும் உறைவதன்று. அது தெருவிலும் திண்ணையிலும் வாழ்வதாகும். இவ்வுண்மையை இன்று உணர்த்தி நிற்பது, மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுன் நகரம்.

1786இல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் நிறுவிய இத்துறைமுக நகரில் மலாய்க்காரர், சீனர், தமிழர், அரபியர் எனப் பலரும் குடியேறினர். சோழமண்டலக் கடற்கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம் வணிகர் ‘சூலியர்’ எனப்பட்டனர். சூலியா தெருவும், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், நாகூர் ஆண்டகையின் நினைவாக எழுந்த தர்காவும் அவர்தம் சுவடுகளாம். 2008ஆம் ஆண்டு சூலைத் திங்களில் யுனெஸ்கோ நிறுவனம் மலாக்காவுடன் இந்நகரையும் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

சுவரோவியங்கள்

2010இல் ஜார்ஜ் டவுன் கலைவிழா தொடங்கிற்று. 2012ஆம் ஆண்டு விழாவின்போது லிதுவேனிய நாட்டு ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் தெருச்சுவர்களில் தீட்டிய ஓவியங்கள் உலகின் கவனத்தை ஈர்த்தன. ஆர்மேனியன் தெருவில் உண்மையான மிதிவண்டியொன்றைச் சுவரோடு பொருத்தி, அதன்மீது இரு சிறார் அமர்ந்திருப்பதாக அவர் வரைந்தார். பொருளும் ஓவியமும் ஒன்றிய இப்புதுமை, காண்போரையும் காட்சியின் ஓர் உறுப்பாக்கியது. பயன்பாடற்றுக் கிடந்த ‘ஹின்’ பேருந்துப் பணிமனையோ 2014இல் கலைக்கூடமாக மலர்ந்தது.

போரியா

புதுமைக்கிடையே பழங்கலையும் வாழ்கின்றது. ‘போரியா’ என்னும் கலை, சென்னை மாகாணப் படைவீரர்வழி முஹர்ரம் நிகழ்ச்சியாகப் பினாங்கை அடைந்தது என்பது பரவலான கருத்து. பின்னர் அது மலாய்மொழி மேடைக்கலையாக உருமாறிற்று. முற்பகுதியில் நகைச்சுவை நாடகம் நிகழும். பிற்பகுதியில் தலைமைப் பாடகர் பாட, குழுவினர் ஆடிப் பின்பாடுவர். நாட்டு நடப்பை எள்ளி நகையாடுதல் இதன் சிறப்பியல்பாகும்.

எழும் வினா

எனினும், இக்கலை மலர்ச்சிக்கு ஒரு மறுபுறமும் உண்டு. பழைய கடைவீடுகளில் குறைந்த வாடகையில் குடியிருந்தோரைக் காத்துவந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்க 1997இல் வகைசெய்யப்பட்டது. 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அப்பாதுகாப்பு முற்றும் அகன்றது. வாடகை உயர்ந்தது, தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்களும் கைவினைஞரும் வெளியேறினர். மரபுச் சின்னம் என்னும் பெருமை கிட்டியபின் கட்டடங்களின் மதிப்பு மேலும் ஏறியது. பல வீடுகள் தங்கும் விடுதிகளாகவும் சிற்றுண்டிச் சாலைகளாகவும் மாறின.

கட்டடத்திற்கும் இடர் உண்டு. சுண்ணாம்புச் சாந்து பூசிய பழஞ்சுவர், நிலத்திலிருந்து ஏறும் ஈரத்தை மெல்ல வெளியேற்றும் இயல்புடையது. இக்கால வண்ணப்பூச்சு அவ்வழியை அடைத்துவிட்டால், ஈரம் உள்ளே தங்கிப் பூச்சு பெயரும்; சுவரும் நலியும். ஆகவே, ஓவியம் தீட்டுமுன் சுவரின் இயல்பை அறிதல் இன்றியமையாததாகும்.

சுவரில் தீட்டிய சிறுவர் நிலைத்திருக்க, அத்தெருவில் விளையாடிய சிறுவர் அகன்றுவிடின் அது கலைக்கு வெற்றியாகுமா? கட்டடத்தைக் காப்பதற்குச் சட்டம் இருப்பதுபோல், அதனுள் வாழும் மாந்தரையும் அவர்தம் தொழிலையும் காப்பதற்கு வழி காணுதல் வேண்டும். தையற்காரரும் மாலை தொடுப்போரும் உணவு சமைப்போரும் வாழும் தெருவே உயிருள்ள கலைக்கூடம். தொன்மையான ஊர்களைச் சுற்றுலாத் தலங்களாக்க விழையும் நமக்கும் ஜார்ஜ் டவுன் கற்பிக்கும் பாடம் இதுவே.