எருமை புகாத நீர்நிலம்: பாதுகாப்புச் சட்டமும் மேய்ச்சல் உரிமையும்

ஒரு நிலப்பரப்பு ‘சரணாலயம்’ என அறிவிக்கப்படுவதற்கும் ‘தேசியப் பூங்கா’ என அறிவிக்கப்படுவதற்கும் உள்ள வேறுபாடு, அங்கு வந்துபோகும் பார்வையாளர்களுக்குப் புலப்படுவதில்லை. அதன் ஓரத்தில் வாழ்ந்து, கால்நடை மேய்த்துப் பிழைக்கும் குடும்பங்களுக்கோ அது வாழ்க்கைப் பிரச்சினையாகும்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவ்விரு வகைகளையும் தனித்தனியே வரையறுத்தது. சரணாலயத்தினுள் கால்நடைகள் மேய்வதை முறைப்படுத்தவோ கட்டுப்படுத்தவோ தடை செய்யவோ தலைமை வனவிலங்குக் காப்பாளருக்கு அதிகாரம் உண்டு. அதாவது, நிலைமைக்கேற்ப முடிவு செய்ய அவருக்கு இடமிருக்கிறது. தேசியப் பூங்காவைப் பொறுத்தவரை 35ஆம் பிரிவு அத்தகைய இடம் எதையும் வைக்கவில்லை. எந்தக் கால்நடையும் அங்கு மேயக்கூடாது, நுழையவும் கூடாது. நுழைய அனுமதி பெற்றவர் ஒருவரின் ஊர்தியாகப் பயன்படும் விலங்குக்கு மட்டுமே விலக்கு. பயணியைச் சுமந்து வரும் குதிரை உள்ளே செல்லலாம். பக்கத்துக் கிராமத்து எருமை செல்ல முடியாது.

இவ்விதி எத்தகைய விளைவைத் தரக்கூடும் என்பதற்கு ராஜஸ்தான் மாநிலத்தின் பரத்பூர் சிறந்த சான்றாகும். அங்குள்ள கேவலாதேவ் பூங்கா ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. அது இயற்கையாகவே உண்டான ஏரியன்று. தாழ்வான நிலத்தில் அஜான் அணையின் நீரைத் தேக்கி, பரத்பூர் மன்னர்கள் அதனை வாத்து வேட்டைக் களமாக்கினர். 1938இல் வைசிராய் லின்லித்கோ பங்கு கொண்ட வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. அதே நிலத்தில் சுற்றுப்புறக் கிராமத்தவரின் எருமைகளும் பசுக்களும் நெடுங்காலமாக மேய்ந்து வந்தன. 1956இல் பறவைகள் சரணாலயமாகவும், 1980களின் தொடக்கத்தில் தேசியப் பூங்காவாகவும் இவ்விடம் உயர்த்தப்பட்டது. 1985இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது.

தேசியப் பூங்கா ஆனதும் மேய்ச்சல் சட்டப்படி முடிவுக்கு வரவேண்டியதாயிற்று. 1982 நவம்பரில் தடை நடைமுறைக்கு வந்தது. மாற்று மேய்ச்சல் நிலமோ தீவனமோ போதிய அளவில் ஏற்பாடு செய்யப்படாத நிலையில் கிராமத்தவர் எதிர்த்தனர். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழப்பு ஏற்பட்டது.

பறவைகளின் நன்மை கருதியே இத்தடை விதிக்கப்பட்டது. ஆனால் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கு 1980களில் தொடர்ந்து நடத்திய ஆய்வு எதிர்பாராத முடிவைத் தந்தது. எருமைகள் மேய்ந்து கட்டுக்குள் வைத்திருந்த ஒருவகை நீர்ப்புல், மேய்ச்சல் நின்றபின் மண்டி வளர்ந்து, ஆழமற்ற நீர்ப்பரப்பை மூடிவிட்டது. திறந்த நீரை நாடிவரும் வாத்துகளுக்கும், அந்நீரில் வளரும் மீன்களுக்கும் இது கேடாயிற்று. எருமை அந்நிலத்தின் எதிரி அன்று, அதன் உறுப்புகளுள் ஒன்று என்பது இதனால் விளங்கியது. பரத்பூரின் இடர்கள் அனைத்தையும் புல்லின் மேல் ஏற்றிவிடவும் கூடாது. நீர்வரத்துக் குறைந்ததும் பெருங்காரணமே. சைபீரியக் கொக்குகள் 2002க்குப் பின் அங்கு வராமற்போனதற்கு, அவை பறந்துவரும் நெடுவழியில் நிகழ்ந்த வேட்டையும் காரணமாகக் கூறப்படுகிறது.

ஆய்வு முடிவு கிடைத்தும் மேய்ச்சலை அளவோடு அனுமதிக்கச் சட்டம் வழி தரவில்லை. கிராமத்தவர் புல்லை அறுத்துச் செல்ல அனுமதிக்கப்பட்டனர். ஆனால் அரிவாள் செல்லும் இடமெல்லாம் எருமை செல்லும் இடமாகாது. நீருக்குள் இறங்கி மேய்வது எருமைக்கே இயலும்.

பின்னாளில் வந்த திருத்தங்கள் இக்குறையை ஓரளவு உணர்ந்தவையாகத் தோன்றுகின்றன. சரணாலயத்திற்குள் உள்ள உரிமைகளை விசாரிக்கும் மாவட்ட ஆட்சியர், தலைமை வனவிலங்குக் காப்பாளரைக் கலந்து, அவ்வுரிமைகள் தொடர அனுமதிக்கலாம் என்று 1991ஆம் ஆண்டுத் திருத்தம் கூறியது. 2002ஆம் ஆண்டுத் திருத்தம் பாதுகாப்பு ஒதுக்கிடம், சமுதாய ஒதுக்கிடம் என இரு புதிய வகைகளை உண்டாக்கியது. சமுதாய ஒதுக்கிடம் என்பது தனியாரோ ஊராரோ தாமே முன்வந்து தம் நிலத்தில் ஏற்படுத்துவது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. வனத்தை வாழ்விடமாகவோ பிழைப்பாகவோ கொண்ட தகுதியுள்ள மக்களின் மேய்ச்சல், மீன்பிடிப்பு போன்ற உரிமைகளைச் சரணாலயங்களிலும் தேசியப் பூங்காக்களிலும்கூட அது ஏற்றது. வனவிலங்குகளுக்கென முக்கிய வாழிடம் ஒதுக்கி மக்களை இடம்பெயர்க்க வேண்டுமாயின் கிராம சபையின் எழுத்துமூல இசைவு தேவை என்றும் விதித்தது.

எனினும் ஏற்கெனவே தேசியப் பூங்காவாகிவிட்ட நிலத்திற்கு 35ஆம் பிரிவின் மேய்ச்சல் தடை அப்படியே நிற்கிறது. அதன் எல்லையை மாற்றுவதற்கும், 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தேசிய வனவிலங்கு வாரியத்தின் பரிந்துரை வேண்டும். ஒரு நிலத்தை எந்த வகையில் சேர்ப்பது என்பதை மாநில அரசு முடிவு செய்யும் வேளையிலேயே, அங்கு மேயும் கால்நடைகளின் கணக்கும், அவற்றை நம்பியுள்ள வீடுகளின் கணக்கும், மேய்ச்சல் நின்றால் நீரிலும் புல்லிலும் நிகழக்கூடிய மாற்றமும் அதன் முன் இருத்தல் அவசியம்.