அழியாத படகின் அழுகிய முதுகு!

அமெரிக்காவின் வடக்கே மினசோட்டா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. "10 ஆயிரம் ஏரிகளின் நாடு" என்று அதற்குப் பட்டப்பெயர்.

அங்கே படகு வைத்திருப்பவர்கள் பணக்காரர்கள் மட்டும் அல்ல. பள்ளிக்கூட ஆசிரியர் வீட்டிலும் படகு இருக்கும். லாரி ஓட்டுகிறவர் வீட்டிலும் இருக்கும். கோடை வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் கணவனும் மனைவியும் பிள்ளைகளுமாக ஏரிக்குக் கிளம்பிவிடுவார்கள். மீன் பிடிப்பார்கள். கட்டிக்கொண்டு போன சாப்பாட்டைப் படகிலேயே சாப்பிடுவார்கள்.

இந்தப் படகுகளில் பல, 40 வயதையும் 50 வயதையும் தாண்டியவை. தாத்தா வாங்கியதைப் பேரன் ஓட்டுவது உண்டு.

பழைய படகு விலை மலிவு. ஒருவர் வாங்கி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுகிறார். படகு பளபள என்று ஆகிவிடுகிறது. பின்னால் மோட்டாரை மாட்டி ஏரியில் இறக்குகிறார். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வேகமாகப் போகிறார்.

பின்னால் "நறநற" என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்க்கிறார்.

மோட்டார் ஆடுகிறது. மோட்டார் மட்டுமா? அதைத் தாங்கும் பின்பலகையும் சேர்ந்து ஆடுகிறது!

வேகத்தைக் குறைத்து மெல்லக் கரைக்குத் திரும்பிவிட்டால் பிழைத்தார். இல்லாவிட்டால், மோட்டார் பலகையைப் பெயர்த்துக்கொண்டு தண்ணீருக்குள் போய்விடக்கூடும். அப்புறம் ஏரி படகுக்குள் வந்துவிடும்.

பார்வைக்குப் புதிது போல இருக்கும் படகுக்கு ஏன் இந்தக் கதி?

தொங்கும் பாரம்

படகின் பின்பக்கத்தை மூடி நிற்கும் பலகையை இங்கிலீஷில் "டிரான்சம்" என்பார்கள். நாம் பின்பலகை என்றே சொல்லலாம். சிறு படகுகளில் மோட்டார் உள்ளே இருப்பது இல்லை. இந்தப் பலகையில்தான் வெளிப்பக்கமாகத் தொங்கும்.

50 குதிரைச் சக்தி உள்ள ஒரு மோட்டார் சுமார் 100 கிலோ எடை இருக்கும். கிட்டத்தட்ட இரண்டு ஆட்கள் இரவும் பகலும் அந்தப் பலகையைப் பிடித்துத் தொங்குவது போல!

தொங்குவதோடு போயிற்றா? படகு ஓடும்போது மோட்டார் தள்ளுகிற தள்ளு முழுவதும் அந்தப் பலகை வழியாகத்தான் படகுக்குப் போய்ச் சேர வேண்டும். பலகையின் அடிப்பக்கத்தை மோட்டார் உள்ளே அழுத்தும். மேல்பக்கத்தை வெளியே இழுக்கும். கடப்பாரையை வைத்து நெம்புவது போலத்தான். படகு அலை மேல் குதித்து விழும்போதெல்லாம் இந்த நெம்புதல் பல மடங்கு ஆகும்.

ஆரம்பத்தில் இவ்வளவு பாரம் இல்லை. நார்வே நாட்டில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர் ஓலி எவின்ரூட். படகுக்கு வெளியே மாட்டும் மோட்டாரை 1909-ம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தவர் இவர்தான். அது ஒன்றரைக் குதிரைச் சக்தி மோட்டார். எடை 28 கிலோ.

இந்த மோட்டார் பிறந்ததற்கு ஒரு கதை சொல்வார்கள். எவின்ரூட்டும் அவர் காதலியும் ஒரு ஏரிக்கரைக்கு உல்லாசப் பயணம் போயிருந்தார்கள். காதலி ஐஸ்கிரீம் கேட்டார். எவின்ரூட் துடுப்புப் போட்டு அக்கரைக்குப் போய் வாங்கிக்கொண்டு திரும்பினார். நல்ல வெயில். வந்து சேர்வதற்குள் ஐஸ்கிரீம் கரைந்து தண்ணீராகிவிட்டது! துடுப்புக்குப் பதிலாக மோட்டார் வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் வந்ததாம். கதை எவ்வளவு உண்மையோ, காதலி அவருக்கு மனைவி ஆனதும், வியாபாரத்தைச் சேர்ந்து நடத்தியதும் உண்மை.

எவின்ரூட் பெயரில் மோட்டார் செய்வது 2020-ம் ஆண்டில் நின்றுவிட்டது. பழைய படகுகளின் முதுகில் அந்தப் பெயரை இன்னும் பார்க்கலாம்.

போளிக்குள் பூரணம்

அந்தக் காலத்துப் படகுகள் மரப்படகுகள். மரம் அழுகினால் கண்ணுக்குத் தெரியும். அந்தப் பலகையை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம்.

1932-ம் ஆண்டில், அமெரிக்காவின் கண்ணாடிக் கம்பெனி ஒன்றில் டேல் கிளைஸ்ட் என்ற இளைஞர் ஒரு சோதனை செய்துகொண்டிருந்தார். உருகிய கண்ணாடி மீது காற்று வேகமாகப் பாய்ந்தது. கண்ணாடி, பஞ்சு போல மெல்லிய இழைகளாகப் பறந்தது! எதிர்பாராமல் நடந்த காரியம்தான். ஆனால் கண்ணாடியில் இருந்து நிறைய இழை எடுக்க வழி பிறந்துவிட்டது.

அந்த இழையைத் துணியாக நெய்து, "ரெசின்" என்ற பசையில் தோய்த்து, அச்சின் மேல் அடுக்கடுக்காக ஒட்டினால், காய்ந்ததும் பலமான ஓடு கிடைக்கும். 1942-ம் ஆண்டில் ஓகியோ மாநிலத்து டொலீடோ நகரில் ரே கிரீன் என்பவர் இந்த முறையில் படகு செய்தார். யுத்தம் முடிந்த பிறகு, 1950-க்கும் 1970-க்கும் இடையே, இப்படிப்பட்ட படகுகள் ஏராளமாக வந்தன. நம் கடற்கரைகளில் ஓடும் பைபர் படகுகளும் இதே ஜாதிதான். 2004-ம் ஆண்டு சுனாமிக்குப் பிறகு, கட்டுமரங்கள் கிடந்த மணலில் பைபர் படகுகள் மிகுந்துவிட்டன.

பைபர் அழுகாது. கரையான் அரிக்காது. அது முழு உண்மை.

ஆனால் மெல்லிய பைபர் வளையும். 100 கிலோ மோட்டாரைத் தாங்க விறைப்பு வேண்டும். ஆகவே படகு கட்டியவர்கள் பின்பக்கத்தில் இரண்டு பைபர் தோல்களுக்கு நடுவே பிளைவுட் பலகையை வைத்து மூடிவிட்டார்கள். போளிக்குள் பூரணம் வைப்பது போல. வெளியே இருந்து பார்த்தால் உள்ளே மரம் இருப்பதே தெரியாது.

அந்த மரம்தான் அழுகுகிறது!

தண்ணீர் எப்படிப் போகிறது?

ஒரு ஸ்குரு ஓட்டை போதும்.

ஏணி மாட்ட நாலு ஸ்குரு. மீன் இருக்கும் இடத்தைக் காட்டும் கருவிக்கு இரண்டு ஸ்குரு. மோட்டாரைப் பிடிக்கும் பெரிய போல்ட்டுகள் நாலு. படகுக்குள் சேரும் தண்ணீரை வெளியேற்ற அடியில் ஒரு துளை. ஒவ்வொன்றும் பைபர் தோலைத் துளைத்து மரத்துக்குள் போகிறது. துளையைச் சுற்றிப் பூசிய பசை, வெயிலிலும் ஆட்டத்திலும் வெடித்துவிடுகிறது. தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே நுழைகிறது.

நுழைந்த தண்ணீருக்கு வெளியே வர வழி இல்லை. தண்ணீர் உள்ளே வராமல் காக்க வேண்டிய அதே பைபர், வந்த தண்ணீரை வெளியே விடாமல் சிறை வைக்கிறது. காயாத மரத்தில் பூஞ்சக்காளான் பிடிக்கிறது. மரத்தைச் சிறிது சிறிதாகத் தின்கிறது.

குளிர் நாட்டில் இன்னொரு கொடுமையும் உண்டு. பனிக்காலத்தில் மரத்துக்குள் இருக்கும் தண்ணீர் ஐஸ் கட்டியாக உறைகிறது. உறையும்போது தண்ணீர் பெருக்கும். பிளைவுட்டின் ஏடுகள் பிளந்து போகின்றன. பைபரும் மரமும் ஒட்டிய ஒட்டு விட்டுப்போகிறது. 20 ஆண்டு, 30 ஆண்டு இப்படி நடந்தால், உள்ளே இருப்பது பலகை அல்ல. ஈரக் களி!

பானையைத் தட்டுவது போல...

சந்தையில் பானை வாங்கும் பெண்கள் விரலால் சுண்டிப் பார்ப்பார்கள் அல்லவா? படகு வாங்குகிறவர்களும் அதைத்தான் செய்ய வேண்டும். சிறு சுத்தியலால் பின்பலகையை அங்குலம் அங்குலமாகத் தட்ட வேண்டும். "டக், டக்" என்று கணீர் என ஒலித்தால் நல்ல மரம். "பொத், பொத்" என்றால் சந்தேகம்.

மோட்டாரை மேலே சாய்த்து வைத்து, அதன் கால் பகுதியைக் கையால் அழுத்திப் பார்ப்பதும் உண்டு. பலகை அசைந்தால், மோட்டார் மாட்டிய இடத்தின் மூலைகளில் வெடிப்பு இருந்தால், அந்தப் படகை ஏரிப் பக்கம் கொண்டு போகக்கூடாது.

கடைசிச் சோதனை பொய் சொல்லாது. உள்பக்கத்தில் இருந்து சிறு துளை போட வேண்டும். வெள்ளையாக உலர்ந்த தூள் வந்தால் நல்லது. கறுத்த ஈரத்தூள் வந்தால் அழுகல். சில படகுகளில் துளை வழியாகத் தண்ணீரே ஒழுகும்!

வீட்டிலேயே வைத்தியம்

பட்டறைக்குக் கொண்டு போனால், கூலி சில சமயம் படகின் விலையையே மிஞ்சிவிடும். ஆகவே பலர் கார் கொட்டகையிலேயே இந்த வேலையைச் செய்கிறார்கள். இதற்கு மேதாவித்தனம் வேண்டாம். பொறுமை வேண்டும்.

முதலில் அவசரக்காரர்கள் மறந்துவிடுகிற ஒன்று. எதையும் வெட்டுவதற்கு முன், படகின் அடிப்பக்கத்துக்குச் சரியான முட்டுக் கொடுக்க வேண்டும். பின்பலகைதான் படகின் இரண்டு பக்கங்களையும் பிடித்துக்கொண்டு இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் படகு கோணிக்கொள்ளலாம். பலகையின் உயரம், பின்பக்கம் சாய்ந்திருக்கும் சாய்வு இரண்டையும் அட்டையில் வெட்டி அளவு எடுத்துக்கொள்ள வேண்டும். உயரம் மாறினால் மோட்டாரின் விசிறி தண்ணீரில் சரியாக நிற்காது.

பிறகு உள்பக்கத்துப் பைபர் தோலை மட்டும் வெட்டி எடுக்கிறார்கள். வெளித்தோலைத் தொடுவது இல்லை. படகின் அழகு கெடாது. புதுப் பலகையை ஒட்ட அதுவே அச்சாகவும் நிற்கும்.

அழுகிய மரத்தைக் கையாலேயே அள்ளலாம். வேடிக்கை என்னவென்றால், அழுகாமல் மிஞ்சிய மரம்தான் பாடாய்ப் படுத்தும். உளியை வைத்து மணிக்கணக்கில் செதுக்க வேண்டும். அப்புறம் கிரைண்டரால் பைபரைச் சுத்தமாகத் தேய்க்க வேண்டும். கண்ணாடித் தூள் பனி போலப் பறக்கும். மூக்குக்கு முகமூடி, கண்ணுக்குக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை இல்லாமல் இதைத் தொடக்கூடாது. பிள்ளைகளைக் கொட்டகைப் பக்கம் விடக்கூடாது. உடம்பில் பட்டால் இரவெல்லாம் அரிக்கும். வேலையைப் பாதியில் விட்டு ஓடுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் ஓடுகிறார்கள்.

புதுப் பலகை

படகுக்கு என்றே செய்த பிளைவுட் உண்டு. தண்ணீருக்கு அசையாத பசையில் ஒட்டியது. உள்ளே பொந்து இருக்காது. முக்கால் அங்குலக் கனத்தில் இரண்டு பலகைகளை ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒன்றரை அங்குலம் ஆக்குவது வழக்கம். மரமே வேண்டாம் என்று, கண்ணாடி இழை சேர்த்த கெட்டி நுரைப் பலகை வைப்பவர்களும் இருக்கிறார்கள். விலைதான் அதிகம்.

ஒட்டுவதற்கு "எபாக்சி" என்ற பசை. இரண்டு திரவங்களைச் சரியான அளவில் கலக்க வேண்டும். கண்ணளவு உதவாது. அளவு தவறினால் எத்தனை நாள் ஆனாலும் இறுகாமல் பிசுபிசுக்கும். இன்னொரு எச்சரிக்கை: கலந்த பசையை டப்பாவில் நிறைய வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தால், அது தானாகச் சூடேறிப் புகைய ஆரம்பித்துவிடும்! கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதே நல்லது. குளிரில் இந்தப் பசை சரியாக இறுகாது. வடக்கத்திக்காரர்கள் பனி போகும்வரை காத்திருப்பது இதனால்தான்.

பலகையின் எல்லாப் பக்கங்களுக்கும் பசை கொடுத்து, வெளித்தோலோடு அழுத்திக் கிளாம்புகளால் இறுக்குகிறார்கள். பசை முழுவதும் பிதுங்கி வெளியேறும் அளவுக்கு இறுக்கினால் ஒட்டு நிற்காது. ஓரங்களில் மட்டும் லேசாகப் பிதுங்க வேண்டும்.

பலகையும் படகின் பக்கமும் சேரும் மூலையில், பசையோடு மரத்தூளைக் குழைத்து வளைவாகப் பூச வேண்டும். கண்ணாடித் துணி கூர்மையான மூலையில் மடங்காது. மடங்கினால் உள்ளே காற்று நிற்கும். வளைவின் மேல் துணியை அடுக்குகிறார்கள். ஒவ்வொரு அடுக்கும் முந்தியதைவிட அகலம். மூலையில் ஏறும் இந்தத் துணிகள்தான் பலகையைப் படகோடு கட்டிப்போடுகின்றன.

கடைசியில் துளைகள். இதில்தான் எல்லா வினையும் ஆரம்பித்தது. ஆகவே துளையை வேண்டிய அளவைவிடப் பெரிதாகப் போட்டு, முழுவதும் எபாக்சியால் நிரப்பி, இறுகிய பிறகு நடுவில் சரியான அளவில் மறுபடி துளைக்கிறார்கள். இனிமேல் போல்ட்டை ஒட்டித் தண்ணீர் வந்தாலும் அது தொடுவது எபாக்சியை. மரத்தை அல்ல.

எல்லாப் படகுக்கும் இந்த வைத்தியம் பலிக்காது. தரைக்கு அடியில் இருக்கும் மரச்சட்டங்களும் அழுகி இருந்தால், பின்பலகையை மட்டும் மாற்றுவது வீண். தூக்கி எறிவதும் எளிது அல்ல. மண்ணில் புதைத்தாலும் மக்காது. கொளுத்தினால் நச்சுப்புகை. பழைய பைபர் படகுகளை என்ன செய்வது என்று இன்று பல நாடுகள் விழிக்கின்றன.

பிழைத்த படகை ஏரியில் இறக்கும் முதல் நாளில் குடும்பத்தை ஏற்றுவது இல்லை. விவரம் தெரிந்தவர், மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு, தனியாக, கரை ஓரமாகவே ஓட்டுகிறார். முதலில் மெதுவாக. பிறகு முழு வேகம். திரும்பி வந்ததும் உள்பக்கத்து மூலைகளை விரலால் தடவி, எங்காவது முடி அளவு வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார். போல்ட்டுகளை மறுபடி ஒரு சுற்று இறுக்குகிறார். அதற்குப் பிறகுதான் கரையில் நிற்கும் பிள்ளைகளைக் கை காட்டிக் கூப்பிடுகிறார்.