ஒன்றரை கிராம் உப்பு

வயிற்றுப்போக்கால் துவண்டுபோன குழந்தைக்கு ஒரு லிட்டர் நீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொட்டலத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவின்படி தயாரித்த பொட்டலத்தில் சமையல் உப்பு, குளுக்கோஸ், சிட்ரேட் ஆகியவற்றுடன் 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடும் சேர்ந்திருக்கும். குழந்தை அதைச் சிறுகச் சிறுகக் குடித்துப் பிழைத்து எழுகிறது.

மருத்துவமனையின் மருந்து அலமாரியில் 10 மி.லி. கொள்ளும் சிறிய குப்பி ஒன்று உண்டு. நம் நாட்டில் பெரிதும் வழங்கும் 15 சதவீதக் கரைசல் அது. அதனுள் இருப்பதும் அதே பொட்டாசியம் குளோரைடுதான்; அளவும் அதே 1.5 கிராம்தான். ஆனால் அதை ஊசியில் உறிஞ்சி, நீர்க்கச் செய்யாமல், நேராகச் சிரைக்குள் வேகமாகச் செலுத்திவிட்டால் வளர்ந்த மனிதரின் இதயமே சில நிமிடங்களில் நின்றுவிடக்கூடும்.

பொருள் ஒன்று, அளவும் ஒன்று. பின் ஏன் இந்த வேறுபாடு? இதற்கு விடை காண, பொட்டாசியம் நம் உடலில் எங்கே குடியிருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

உள்ளே மிகுதி, வெளியே சொற்பம்

உடல் உப்புகளை மருத்துவர்கள் ‘மில்லி ஈக்விவலென்ட்’ என்ற அலகால் அளப்பார்கள். சுருக்கமாக மி.ஈ. என்போம். பொட்டாசியத்தைப் பொறுத்தவரை 1 மி.ஈ. என்பது 39 மில்லிகிராம். 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் ஏறத்தாழ 3,500 மி.ஈ. பொட்டாசியம் இருக்கிறது. அதாவது 135 கிராமுக்குச் சற்று மேல். இதில் 98 சதவீதம் செல்களுக்குள்ளே அடைபட்டிருக்கிறது. வெளியில் உள்ள நீர்மங்களில் இருப்பது சுமார் 2 சதவீதமே.

இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் ஒரு லிட்டருக்கு 3.5 முதல் 5 மி.ஈ. வரை பொட்டாசியம் இருப்பது இயல்பு. வளர்ந்தவரின் உடலில் பிளாஸ்மா சுமார் 3 லிட்டர். ஆகவே லிட்டருக்கு 4 என்று வைத்துக்கொண்டாலும், மொத்தப் பிளாஸ்மாவிலும் இருப்பது 12 மி.ஈ.தான். மேலே சொன்ன சின்னக் குப்பியில் இருப்பதோ 20 மி.ஈ.! அந்த ஒரு குப்பிக்குள் உடலின் முழுப் பிளாஸ்மாவில் உள்ளதைவிட அதிகப் பொட்டாசியம் அடங்கியிருக்கிறது.

உள்ளே மிகுதியாகவும் வெளியே சொற்பமாகவும் பொட்டாசியம் இருப்பது தற்செயலன்று. ஒவ்வொரு செல்லின் சவ்விலும் நுண்ணிய இறைப்பான்கள் உள்ளன. அவை மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கின்றன. கசியும் படகிலிருந்து ஓயாமல் நீரை இறைத்துக் கொட்டுவதுபோல, வாழ்நாள் முழுதும் இவ்வேலை நடக்கிறது. நண்டின் நரம்புகளை ஆராய்ந்து 1957இல் இதைக் கண்டறிந்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஜென்ஸ் ஸ்கூ. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த ஏற்றத்தாழ்வினால் சவ்வின் இரு புறத்துக்கும் இடையே ஒரு மின்னழுத்தம் உண்டாகிறது. நரம்பில் செய்தி ஓடுவதும், தசை சுருங்குவதும், இதயம் துடிப்பதும் இந்த மின்னழுத்தத்தின் தயவால்தான். வெளியிலுள்ள பொட்டாசியம் திடீரென உயர்ந்தால் ஏற்றத்தாழ்வு குறைகிறது. இதயத்தில் மின்னலைகள் பரவுவது தளர்கிறது. துடிப்பு தாறுமாறாகி, இறுதியில் நின்றே விடுகிறது. மிகவும் குறைந்தாலும் ஆபத்துதான். கைகால்கள் வலுவிழக்கும், குடல் அசைவு நின்று வயிறு உப்பும், மூச்சுத் தசைகள் செயலிழக்கலாம், இதயத் துடிப்பும் ஒழுங்கு தவறும்.

இரண்டு காவலர்கள்

அப்படியானால் வாழைப்பழமும் இளநீரும் முருங்கைக்கீரையும் உண்ணும் நமக்கு ஏன் ஒன்றும் நேர்வதில்லை? இவற்றில் பொட்டாசியம் நிறையவே உண்டு அல்லவா? நாளமில்லாச் சுரப்பிகள் சுரக்கும் இரண்டு ஹார்மோன்கள் நமக்குக் காவலாக நிற்பதே காரணம்.

முதற்காவலர் இன்சுலின். உணவு உண்டவுடன் கணையம் இதைச் சுரக்கிறது. சர்க்கரையைச் செல்லுக்குள் சேர்ப்பது இதன் வேலை என்பதை அனைவரும் அறிவோம். கூடவே, செல்லின் இறைப்பான்களை முடுக்கிவிட்டுப் பொட்டாசியத்தையும் உள்ளே அனுப்புகிறது. இது சில நிமிடங்களில் நடந்துவிடும்.

இரண்டாமவர் ஆல்டோஸ்டிரோன். சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து வருகிறது. மிகுதியான பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும்படி இது சிறுநீரகத்தைத் தூண்டுகிறது. இதற்குச் சில மணி நேரம் ஆகும்.

குடலின் வழியே மெதுவாக வரும் பொட்டாசியத்தை இக்காவலர்கள் எளிதில் சமாளித்துவிடுவார்கள். ஊசி வழியே ஒரே பாய்ச்சலில் வருவதைத் தடுக்க அவர்களுக்கு அவகாசம் இல்லை. நாம் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்: உயிரைக் காப்பதும் பறிப்பதும் அளவு மட்டுமல்ல, வேகமும்கூட.

ஏமாற்றும் எண்

காவலர்களில் ஒருவர் இல்லாமற்போனால் என்ன ஆகும்? நீரிழிவு நோயாளி ஒருவருக்கு இன்சுலின் அறவே பற்றாமற்போகும்போது ‘கீட்டோ அமில நிலை’ ஏற்படுகிறது. வாந்தி, கடும் தாகம், பெருமூச்சு, மூச்சில் பழ வாடை ஆகியவை அதன் அறிகுறிகள். அவரது இரத்தத்தைச் சோதித்தால் பொட்டாசியம் பெரும்பாலும் இயல்பாக, ஏன், சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஆனால் உண்மையில் அவர் உடலில் கிலோவுக்கு 3 முதல் 5 மி.ஈ. வரை பொட்டாசியம் குறைந்திருக்கும்!

இதென்ன புதிர்? குதிரிலிருந்த நெல்லையெல்லாம் வாசலில் கொட்டி, அதில் பாதியை வெள்ளமும் அடித்துச் சென்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். வாசலில் கிடக்கும் நெல்லைப் பார்ப்பவர், ‘இந்த வீட்டில் நெல்லுக்குப் பஞ்சமில்லை’ என்பார். குதிர் காலியாகி வருவது அவருக்குத் தெரியாது. அதுபோலத்தான் இதுவும். இன்சுலின் இல்லாததால் செல்லுக்குள் இருந்த பொட்டாசியம் வெளியே வந்துவிடுகிறது. மிகுந்த சர்க்கரையால் பெருகும் சிறுநீரோடு அதில் பெரும்பங்கு போய்விடுகிறது. இரத்தத்தில் தெரிவது வாசலில் கிடக்கும் நெல்.

இந்நிலையில் இன்சுலின் கொடுத்தவுடன், இரத்தத்திலுள்ள பொட்டாசியம் விரைந்து செல்லுக்குள் திரும்புகிறது. இரத்தத்தில் அளவு சரிகிறது. இன்சுலின் சிகிச்சை 1922இல் தொடங்கியது. ஆயினும், சர்க்கரை குறைந்து தேறிவரும் நோயாளி திடீரென மூச்சுத் தசைகள் செயலிழந்து தவிப்பதற்குப் பொட்டாசியக் குறைவே காரணம் என்பதை, 1946இல் ஹாலர் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு நோயாளியின் வரலாற்றைக் கொண்டு எடுத்துக்காட்டினார்.

ஆகவேதான் இன்று கீட்டோ அமில நிலைக்குச் சிகிச்சை தொடங்கும்போதே பொட்டாசியத்தைச் சோதிக்கிறார்கள். லிட்டருக்கு 3.5 மி.ஈ.க்குக் கீழே இருந்தால் இன்சுலினை நிறுத்திவைத்து, முதலில் பொட்டாசியம் ஏற்றுவார்கள். உயிர் காக்கும் இன்சுலினே சற்றுக் காத்திருக்க வேண்டியதாகிறது!

எதிர்ப்பக்கமும் உண்டு

சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு நேர்வது இதற்கு நேர் எதிரானது. பொட்டாசியம் வெளியேற வழியின்றி இரத்தத்தில் தேங்குகிறது. ஈ.சி.ஜி. வரைபடத்தில் ‘டி’ அலை கூடாரம்போல் கூர்மையாக எழும்பி அபாயத்தை அறிவிக்கும். அப்போது மூன்று படிகளில் சிகிச்சை நடக்கும்.

முதலில் கால்சியம் குளுக்கோனேட். இது பொட்டாசியத்தைச் சிறிதும் குறைப்பதில்லை. இதயத் தசையை மட்டும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை அரண்போல் காக்கிறது. அடுத்து, குளுக்கோஸுடன் இன்சுலின். இது பொட்டாசியத்தைச் செல்லுக்குள் ஒதுக்கிவைக்கிறது. இதன் பலன் நான்கு முதல் ஆறு மணி நேரம் நிற்கும். அதற்குள் மூன்றாவது படியாக, மருந்துகளாலோ டயாலிசிஸ் முறையாலோ மிகுதியை உடலைவிட்டு வெளியேற்ற வேண்டும். குளுக்கோஸின் பலன் இன்சுலினுக்கு முன்பே தீர்ந்துவிடக்கூடும். ஆதலால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடாதபடி செவிலியர் பல மணி நேரம் அடிக்கடி சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு நோயாளிக்கு ஆபத்தாகக்கூடிய இன்சுலினின் அதே குணம், மற்றொருவருக்கு உயிர்ப்பிச்சை அளிப்பதைக் கவனித்தீர்களா?

படுக்கையருகே ஐந்து விதிகள்

அமெரிக்க மருத்துவமனைகளின் தரத்தை மதிப்பிடும் கூட்டு ஆணையம், 1998இல் தனது முதல் எச்சரிக்கை அறிக்கையைப் பொட்டாசியம் குளோரைடு பற்றியே வெளியிட்டது. ஆராயப்பட்ட 10 மரணங்களில் 8, செறிந்த கரைசலை நேராக ஏற்றியதால் நேர்ந்தவை. அவற்றுள் ஆறில், வேறொரு மருந்து என்று நினைத்துத் தவறுதலாகப் பொட்டாசியத்தை எடுத்திருந்தார்கள். நிறமற்ற நீர் போன்ற மருந்து, ஒரே மாதிரியான குப்பி, அவசரம். இவ்வளவு போதும். செறிந்த குப்பிகளை மற்ற மருந்துகளோடு வார்டில் வைக்காமல் தனியே பூட்டிவைக்க வேண்டும் என்ற விதி பரவியது இதன் பிறகே.

செவிலியர் கைக்கொள்ளும் முறைகள் இவை:

1. குப்பியிலிருந்து நேராக ஒருபோதும் செலுத்தக் கூடாது. சலைன் போன்ற நீர்மத்தில் கலந்தே ஏற்ற வேண்டும்.

2. கலந்தபின் புட்டியைப் பலமுறை தலைகீழாகப் புரட்ட வேண்டும். இல்லாவிடில் அடர்ந்த கரைசல் அடியில் தங்கி, முதலிலேயே உடலுக்குள் பாய்ந்துவிடும்.

3. கைச் சிரையில் ஏற்றும்போது லிட்டருக்கு 40 மி.ஈ.க்கு மேலும், மணிக்கு 10 மி.ஈ.க்கு மேலும் போகாமலிருப்பது பொதுவான வரம்பு. அதைவிட வேகம் தேவையானால் ஈ.சி.ஜி. கண்காணிப்பு வேண்டும்.

4. நோயாளிக்குச் சிறுநீர் போகிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். வடிகால் அடைத்திருக்கும்போது குழாயைத் திறக்கலாமா?

5. குப்பியின் பெயரையும் அளவையும் இருவர் தனித்தனியே படித்துப் பார்க்க வேண்டும். ஊசி ஏறும் இடத்தில் எரிச்சலோ வீக்கமோ கண்டால் உடனே நிறுத்த வேண்டும்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியவை

மருத்துவமனைக்கு வெளியிலும் இந்தக் கணக்கு தொடர்கிறது. சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகள் எல்லாம் ஒன்றல்ல. ஃப்ரூசிமைடு பொட்டாசியத்தை வெளியேற்றும், ஸ்பைரனோலாக்டோன் தேக்கிவைக்கும். இரத்த அழுத்தத்துக்குத் தரும் எனலாபிரில், லோசார்டன் ஆகியனவும் தேக்கும் இனமே. ‘எனக்குக் கால் வீக்கம் வடிந்தது’ என்று ஒருவர் தம் மாத்திரையை மற்றவருக்குக் கொடுப்பது எவ்வளவு அபாயம் என்பது இப்போது விளங்கும்.

சோடியம் குறைந்தது என்று விற்கப்படும் உப்புகளில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைப் பயன்படுத்தக் கூடாது. இளநீரும் அவர்களுக்கு அப்படியே. மற்றவர்களுக்குக் குளிர்ச்சி தரும் அந்த இளநீர், வடிகால் அடைபட்ட உடலில் கெடுதல் செய்யும்.

இனி மருத்துவமனையில் உங்கள் உறவினருக்குச் சலைன் ஏற்றும்போது, செவிலியர் புட்டியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாலோ, இன்னொருவரை அழைத்துப் பெயரைப் படிக்கச் சொன்னாலோ, ‘சிறுநீர் எவ்வளவு போனது?’ என்று திரும்பத் திரும்பக் கேட்டாலோ, ‘ஏன் இந்தத் தாமதம்?’ என்று சலித்துக்கொள்ளாதீர்கள். சிறுநீரின் அளவைச் சரியாகச் சொல்லுங்கள். சொட்டுகள் மெதுவாக விழுகின்றனவே என்று நீங்களாகவே திருகைத் தளர்த்திவிடாதீர்கள். அந்த மெதுவான சொட்டுகளில்தான் மருந்து மருந்தாக இருக்கிறது.