பந்தயத் தடத்தில் முதல் நாள்

தாமிரபரணியில் முதன்முறை நீராடப் புகுவோர், ஆழத்தையும் இழுப்பையும் கேட்டறிந்த பின்னரே இறங்குவர். பந்தயத் தடத்தில் முதன்முறை கார் ஓட்டுவோர்க்கும் அதுவே நெறி.

சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990ஆம் ஆண்டு முதல் இத்தகைய தடம் ஒன்று உள்ளது. நெல்லை இளைஞன் ஒருவன் ஏறத்தாழ 600 கிலோமீட்டர் கடந்து, தன் காருடன் அங்குச் செல்வதாகக் கொள்வோம். அவன் முதலில் ஆராய வேண்டுவது எஞ்சினையன்று, பிரேக்கையே. ஏன்?

விரைவு இரு மடங்கானால், பிரேக்கை மிதித்தபின் வண்டி ஓடி நிற்கும் தொலைவு ஏறத்தாழ நான்கு மடங்காகும். அவ்விரைவின் ஆற்றலில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாக மாறும். பிரேக் எண்ணெய் பழையதாயின், காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். ஆதலின் எளிதில் கொதித்துக் குமிழியிடும். அப்போது மிதி அமிழுமேயன்றி, வண்டி நில்லாது. ஆகவே புதிய எண்ணெய் இட வேண்டும். டயர்களின் காற்றழுத்தத்தை அளக்க வேண்டும். வண்டியினுள் உருளும் பொருள்களை அகற்ற வேண்டும். தலைக்கவசமும் இருக்கைப் பட்டையும் இன்றியமையாதன.

முதற்சுற்றுகளை மெல்ல ஓட்டி வளைவுகளை அறிதல் நன்று. நேர்பாதையிலேயே விரைவைத் தணித்து, அதன்பின் வளைவில் புகுதல் வேண்டும். மஞ்சள் கொடி இடரைக் குறிக்கும்; அது கண்டால் பிறரை முந்துதல் கூடாது.

மாணவர்களே! தடத்தில் எதிரே வண்டி வராது. ஊர்ச்சாலையிலோ முதியோரும் குழந்தைகளும் நடப்பர். விரைவுக்கு உரிய இடம் தடமே. நிறுத்தத் தெரிந்தவனே ஓட்டத் தெரிந்தவன் ஆவான்.