கரோக்கி பாட எந்தப் பாடல் உங்களுக்குப் பொருந்தும்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலருக்கு கரோக்கி டிராக் போட்டுப் பாடிப் பார்க்கும் ஆசை வரும். ஆனால் பாதிப் பாட்டில் குரல் எட்டாமல் நின்றுவிடும். பெரும்பாலும் தவறு குரலில் இல்லை. பாடலைத் தேர்ந்தெடுத்த விதத்தில்தான் இருக்கிறது.

எங்கள் வீடு திருவண்ணாமலையில் ரமணாசிரமம் பகுதியில் உள்ளது. ஆசிரமத்தில் மாலையில் நடக்கும் தமிழ்ப் பாராயணத்தில் என் அப்பா தடுமாறாமல் பாடுவார். அவருடைய மணிவிழாவில் சீர்காழி கோவிந்தராஜன் பாடல் ஒன்றுக்கு கரோக்கி டிராக் போட்டுக் கொடுத்தேன். சரணத்தில் குரல் உடைந்தது. "வயசாயிடுச்சுப்பா" என்று மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

காரணம் வயது அல்ல. பாராயணத்தில் எல்லோருக்கும் எட்டும் சுருதியில் பாடுகிறார்கள். கரோக்கி டிராக்கோ பெரும்பாலும் சினிமாவில் பாடியவரின் சுருதியிலேயே இருக்கும்.

கரோக்கி பிறந்த கதையும் இதைத்தான் சொல்கிறது. ஜப்பானின் கோபே நகரில் கீபோர்டு வாசித்த டைசுகே இனோவே, தன் வாடிக்கையாளர் ஒருவரின் குரலுக்கு ஏற்ற சுருதியில் பாடல்களை வாசித்து டேப்பில் பதிந்து கொடுத்தார். அதிலிருந்துதான் 1971-ல் அவருடைய கரோக்கி இயந்திரம் உருவானது.

பாடலைத் தேர்ந்தெடுக்க

பல்லவியை வைத்து முடிவு செய்யாதீர்கள். பாடலில் மிக உயரமாகப் போகும் வரி பெரும்பாலும் சரணத்தில் இருக்கும். டிராக்கை ஓடவிட்டு, அந்த வரியை முழுக் குரலில் மூன்று முறை பாடுங்கள். மெதுவாக முணுமுணுத்தால் உண்மை தெரியாது. பிறகு மிகத் தாழ்ந்த வரியையும் பாடிப் பாருங்கள். இரண்டும் சிரமமின்றி வந்தால் அது உங்கள் பாடல். உயரம் எட்டாத ஆண்கள் பி.பி.ஸ்ரீனிவாஸ், ஏ.எம்.ராஜா போன்றோரின் மென்மையான பாடல்களில் தொடங்கலாம்.

சுருதியை மாற்ற

பிடித்த பாடல் எட்டவில்லையா? ஆடாசிட்டி என்ற இலவச புரோகிராமை இன்ஸ்டால் செய்து, டிராக்கைத் திறக்கவும். கன்ட்ரோல் + ஏ அழுத்தி முழுவதையும் தேர்ந்தெடுக்கவும். எபெக்ட் மெனுவில் பிட்ச் அண்ட் டெம்போ பிரிவில் சேஞ்ச் பிட்ச் என்பதைக் கிளிக் செய்யவும். (பதிப்புக்குப் பதிப்பு மெனு சற்று மாறலாம்.) செமிடோன்ஸ் கட்டத்தில் -2 என டைப் செய்து, பிரிவியூ கேட்டுப் பார்த்து அப்ளை கொடுக்கவும். பைல் மெனுவில் எக்ஸ்போர்ட் மூலம் வேறு பெயரில் சேமிக்கவும். சேஞ்ச் ஸ்பீட் என்பதைத் தொடாதீர்கள். சுருதியோடு வேகமும் மாறிவிடும்.

கட்டைக் கணக்கு தெரிந்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். 2 கட்டையிலிருந்து 1 கட்டைக்கு 2 செமிடோன். 4-லிருந்து 3-க்கு ஒன்றுதான். ஹார்மோனியத்தில் அந்த இரண்டுக்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லையே! நான்கு செமிடோனுக்கு மேல் இறக்கினால் வாத்திய ஒலி செயற்கையாகத் தோன்றலாம். அப்போது வேறு பாடலைத் தேடுவதே நல்லது. டூயட் என்றால் இருவரும் பாடிப் பார்த்த பிறகே மாற்றுங்கள்.

அப்பாவின் பாடலை 3 செமிடோன் இறக்கிக் கொடுத்தேன். வீட்டில் அம்மா முன்னால் சரணம் வரை நிற்காமல் பாடினார். மணிவிழாவுக்கு முன்பே இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்திருக்கலாம். உங்கள் வீட்டு விழாவுக்கு நீங்கள் முன்கூட்டியே செய்துவிடுங்கள்.