வெறுங்காலோடு நடந்த விருந்தினர்

உண்பதற்கும் நேரமின்றி உழைத்துக் களைத்திருந்த தம் சீடரைத் தனிமையான ஓர் இடத்திற்கு வந்து சற்றே இளைப்பாறுமாறு நம் ஆண்டவர் அழைத்தார் என்று மாற்கு நற்செய்தியாளர் எழுதி வைத்துள்ளார். ஓய்வு என்பது சோம்பலின் மறுபெயரன்று. உழைப்பவனுக்கு இறைவன் அளிக்கும் கொடை என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆனால் இந்நாளில் அந்த இளைப்பாறுதலும் விலைப்பொருளாகிவிட்டது. மலைச்சரிவுகளிலும் கடலோரங்களிலும் ஊர்ச் சந்தடி எட்டாத தொலைவில் நல்வாழ்வு இல்லங்கள் பல எழுந்துள்ளன. எண்ணெய்க் குளியல், மூலிகை ஒத்தடம், அளவான உணவு, மௌனம் என எல்லாவற்றிற்கும் அங்கே கட்டணம் உண்டு. அவற்றில் தங்கித் திரும்புவோருள் சிலர் புத்துயிர் பெற்றதாக மகிழ்கின்றனர். வேறு சிலரோ, வீட்டு வாசற்படியை மிதித்த மறுவாரமே பழைய களைப்பும் பழைய எரிச்சலும் திரும்பிவிட்டதாக வருந்துகின்றனர். அப்படியானால் இத்தகைய இடத்தில் தங்கும் விருந்தினர் உண்மையில் பெற்று வருவது என்ன? நூறாண்டுகளுக்கு முன்னரே இக்கேள்விக்கு விடை கண்டவர் ஒரு பங்குக் குரு. அவர் வாழ்ந்த சிற்றூருக்கு ஐரோப்பாவே திரண்டு வந்தது. அவ்வரலாறு நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று.

நெசவாளியின் மகன்

ஜெர்மனி நாட்டின் பவேரியா மாநிலத்தில், ஸ்டீபன்ஸ்ரீட் என்னும் குக்கிராமத்தில், 1821-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் நாள், ஏழை நெசவாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார் செபஸ்தியான் க்னைப். குருவாக வேண்டும் என்பதே சிறுவனின் ஏக்கம். வீட்டிலோ படிக்கவைக்கப் பொருளில்லை. ஈரம் கசியும் நிலவறையில் தறியில் அமர்ந்து நெய்து, சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார். புறப்படும் வேளையில் வீடு தீப்பற்றி எரிந்தது, சேமிப்பும் சாம்பலாயிற்று. ஆயினும் அவர் மனம் தளரவில்லை. மத்தியாஸ் மெர்க்கிள் என்னும் இரக்கமுள்ள குரு ஒருவர் அவருக்கு இலத்தீன் மொழி கற்பித்து வழிகாட்டினார்.

படிப்பு தொடங்கியது, உடலோ முறிந்தது. நுரையீரல் நோய் அவரைப் பற்றிக்கொண்டது. மருத்துவர்கள் நம்பிக்கை இழந்த நிலையில், யோவான் சீக்மண்ட் ஹான் என்னும் பதினெட்டாம் நூற்றாண்டு மருத்துவர் குளிர்ந்த நீரின் பயனைப்பற்றி எழுதிய பழைய நூலொன்று அவர் கைக்குக் கிட்டியது. 1849-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், டில்லிங்கன் நகரில் மாணவராயிருந்த அவர், உறைபனிக் குளிரிலும் டான்யூப் ஆற்றிற்கு ஓடிச் சென்று, நொடிப்பொழுது நீரில் மூழ்கி எழுந்து, உடல் சூடேறும்படி விரைந்து வீடு திரும்பினார். இதனை வாரந்தோறும் செய்தார். நலமும் பெற்றார். பின்னர் மியூனிக் குருமடத்தில் பயிலும்போது, நோயுற்ற உடன்மாணவர் ஒருவருக்கு இரவில் பிறர் அறியாமல் நீர் ஊற்றிச் சிகிச்சை செய்தார். 1852-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஆக்ஸ்பர்க் நகரில் குருப்பட்டம் பெற்றார்.

கன்னியர் மடத்துச் சலவைக்கூடம்

1855-ஆம் ஆண்டில், வோரிஸ்ஹோபன் என்னும் ஊரில் இருந்த புனித சாமிநாதர் சபைக் கன்னியர் மடத்திற்கு ஆன்ம குருவாக அவர் அனுப்பப்பட்டார். மியூனிக் நகருக்கு மேற்கே, பசும்புல் வெளிகளுக்கு நடுவே அமைந்த உழவர் சிற்றூர் அது. மடத்து நிலங்களைப் பண்படுத்துவதிலும், கால்நடை வளர்ப்பிலும், தேனீ வளர்ப்பிலும் அவர் கன்னியருக்கு உதவினார். ஊரார் நோயென்று வந்தபோது மடத்துச் சலவைக்கூடமே அவருடைய மருத்துவமனையாயிற்று. தோட்டத்துப் பூவாளியே அவருடைய கருவி. முழங்காலுக்கும், தொடைக்கும், கைகளுக்கும், முதுகுக்கும் தனித்தனியே அளவறிந்து குளிர்ந்த நீரை ஊற்றுவார். நீரைத் துடைக்காமல் வழித்துவிட்டு, உடையணிந்து, உடல் சூடேறும்வரை நடக்கச் சொல்வார். இளமையில் தாம் ஆற்றில் மேற்கொண்ட கடுமையைப் பிறர்மேல் அவர் சுமத்தவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல அவருடைய முறை மென்மையாகிக்கொண்டே வந்தது.

எதிர்ப்பும் இல்லாமலில்லை. மருத்துவம் கற்காத ஒருவர் நோயாளிகளைத் தொடலாமா என்று மருத்துவர்களும் மருந்து வணிகர்களும் முறையிட்டனர். அவரோ ஏழைகளிடம் காசு பெறாமல் தம் பணியைத் தொடர்ந்தார். 1881-இல் அவ்வூரின் பங்குக் குருவானார். 1886-இல் அவர் எழுதிய ‘என் நீர்ச் சிகிச்சை’ என்னும் நூல் வெளிவந்ததும் நிலைமை முற்றும் மாறிற்று. அந்நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. தொலைவில் ஒதுங்கிக் கிடந்த சிற்றூரை நோக்கி ஆயிரக்கணக்கானோர் புறப்பட்டனர்.

விருந்தினர் கண்ட வாழ்வு

அங்கு வந்த விருந்தினர் எதைக் கண்டனர்? முதலில் அவர்கள் கண்டது வசதிக் குறைவே. 1896-ஆம் ஆண்டுவரை அவ்வூருக்கு இரயில் பாதை கிடையாது. டுர்க்ஹைம் நிலையத்தில் இறங்கி, வண்டி பிடித்தோ, நடந்தோ சேரவேண்டும். தங்குவதற்கு உழவர் வீடுகளின் அறைகளே பெரிதும் கிடைத்தன. ஆஸ்திரியப் பேரரசக் குடும்பத்துச் சிற்றரசர் ஜோசப் போன்ற உயர்குலத்தோரும் வந்தனர். பவேரிய உழவரும் பணிப்பெண்களும் வந்தனர்.

விடியற்காலையில் பனித்துளி படிந்த புல்வெளியில் அனைவரும் காலணி களைந்து நடந்தனர். அந்தக் காட்சியைச் சற்றே மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். இடுப்பை இறுக்கிக் கட்டிய ஆடையும் மென்தோல் காலணியுமே நாகரிகம் என்றிருந்த காலம் அது. பெருமாட்டியும் அவளுடைய பணிப்பெண்ணும் ஒரே புல்லில் வெறுங்காலோடு நடக்கின்றனர்! வெறுங்காலுக்குப் பட்டம் ஏது? பதவி ஏது? இறுக்கமான உடைகளை விலக்கி, முரட்டு நூலாடை அணியச் சொன்னார் அடிகளார். உலர்ந்த ரொட்டியைப் பொடித்துக் காய்ச்சிய கஞ்சி, காய்கறி, வாற்கோதுமையை முளைகட்டி வறுத்த பானம் ஆகிய எளிய உணவுகளைப் பரிந்துரைத்தார். மாலையில் மக்களிடையே நின்று, ஊர்ப்பேச்சு மொழியில், நகைச்சுவை கலந்து உரையாற்றுவார். வாயில் சுருட்டும், அருகே வெண்ணிற நாய்க்குட்டியுமாக அவர் நிற்கும் நிழற்படங்கள் இன்றும் உள்ளன. குறையே இல்லாத முனிவராகத் தம்மைக் காட்டிக்கொள்ள அவர் முயன்றதில்லை.

நலம் பெற்றுச் சென்ற விருந்தினருள் பெனடிக்ட் லஸ்ட் என்பவர் குறிப்பிடத்தக்கவர். 1892-இல் அமெரிக்கா சென்ற இவ்விளைஞர் அங்கே காசநோயுற்று, தாய்நாடு திரும்பி க்னைப் அடிகளாரை நாடினார். நலமடைந்தபின் 1896-இல் அடிகளாரின் தூதுவராகவே மீண்டும் அமெரிக்கா சென்றார். இயற்கை மருத்துவம் என்னும் இயக்கம் அந்நாட்டில் வேரூன்றியதற்கு இவரே பெருங்காரணம்.

அறையைத் தேடி வரும் வைகறை

அடிகளாருக்குப்பின் அவ்வூர் 1920-இல் ‘குளியல் ஊர்’ என்று பொருள்படும் ‘பாத்’ என்னும் அடைமொழியைப் பெற்றது; 1949-இல் நகரமாக உயர்ந்தது. அவருடைய முறையில் நடைபெறும் இல்லங்களில் தங்குவதற்கு மூன்று வாரங்கள் என்பது நெடுநாளைய வழக்கம். வைகறையில் கதவு மெல்லத் தட்டப்படும். உலர்ந்த புல்லும் மலர்களும் நிரப்பிய வெதுவெதுப்பான பையைக் கொணர்ந்து, படுக்கையிலேயே விருந்தினரின் முதுகிலோ தோளிலோ பணியாளர் வைத்துக் கட்டுவார். புல்லின் நறுமணத்தில் விருந்தினர் மீண்டும் கண்ணயர்வார். பகலில், கொக்கைப்போல் ஒவ்வொரு காலையும் நீருக்கு வெளியே முழுவதும் தூக்கித் தூக்கித் தொட்டியில் நடப்பார். பிற்பகலில் சோர்வு வந்தால், முழங்கை மூழ்கும்வரை இரு கைகளையும் குளிர்நீரில் அரை நிமிடம் வைத்தெடுப்பார். இதனைக் காப்பிக்கு ஈடானது என்று அங்குள்ளோர் வேடிக்கையாகக் கூறுவர். இரவில் நேரத்தோடு உறக்கம்.

இவற்றுள் எது விருந்தினரைத் தேற்றுகிறது? குளிர்ந்த நீர்பட்டதும் தோலின் இரத்தக்குழாய்கள் சுருங்கிப் பின் விரிவதும், அதனால் உடலில் இதமான வெம்மை பரவுவதும் உண்மையே. ஆனால் அது மட்டுமே காரணமன்று. குறித்த நேரத்தில் எழுதல், குறித்த நேரத்தில் உண்ணல், உடலை அசைத்தல், நாவை அடக்கல், இருளும்போது உறங்கல் ஆகியவற்றால் சிதறிக் கிடந்த நாள் ஒன்றுபடுகிறது. நீர், மூலிகை, உடலுழைப்பு, உணவு, வாழ்க்கை ஒழுங்கு என்னும் ஐந்தையும் க்னைப் முறையின் தூண்கள் என்பர். இவற்றுள் ஐந்தாவதே மற்ற நான்கையும் தாங்குவது. ஆன்மாவில் ஒழுங்கு ஏற்படாதவரை உடற்சிகிச்சை முழுப்பயன் தருவதில்லை என்பதை அடிகளார் தம் அனுபவத்தில் உணர்ந்திருந்தார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் பல்லாண்டு அமர்ந்திருந்த குருவுக்கு இது விளங்காமலிருக்குமா? தீராப் பகை, அடங்காப் பேராசை, மறைத்து வைத்த குற்ற உணர்வு ஆகியவற்றைச் சுமந்து வருபவனை எந்தக் குளிர்நீர்தான் முற்றும் குளிர்விக்கும்?

ஓய்வு யாருக்கு உரியது?

புகழ் வந்தபோது பொருளும் வந்தது. அடிகளார் அதனைத் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. 1891-இல் செபஸ்தியானேயும் என்னும் இல்லத்தை முதன்மையாக நோயுற்ற குருக்களுக்காக நிறுவினார். 1893-இல் நோயுற்ற ஏழைக் குழந்தைகளுக்கென ஓர் இல்லமும், 1896-இல் க்னைப்பியானும் என்னும் மூன்றாவது இல்லமும் எழுந்தன. 1893-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் அவருக்கு மொன்சிஞ்ஞோர் என்னும் சிறப்புப் பட்டத்தை வழங்கினார். பட்டம் பெற்றபின்னும் அவர் வோரிஸ்ஹோபன் மக்களின் பங்குக் குருவாகவே இருந்தார்.

இங்கேதான் நம் காலத்து நல்வாழ்வு இல்லங்களினின்று அவருடைய ஊர் வேறுபட்டு நிற்கிறது. கட்டணம் செலுத்த இயன்றவனுக்கே ஓய்வு என்பது அவருடைய எண்ணமன்று. நிலவறைத் தறியில் இருமிக்கொண்டு நெய்த இளைஞன் அவருள் இறுதிவரை வாழ்ந்திருந்தான். ஆகவே அவர் தெரிந்தெடுத்த மருந்துகள் யாவும் ஏழையின் வீட்டில் உள்ளவை: கிணற்று நீர், வேலியோரத்து மூலிகை, பனிபடிந்த புல், சொந்தக் கால்கள்.

அளவுக்கு மீறிய நம்பிக்கையும் ஆகாது. நீர் எல்லா நோயையும் தீர்க்கும் மாமருந்தன்று. வயிற்றில் எழுந்த கட்டியினால், அறுவைச் சிகிச்சைக்கு உடன்படாமல், 1897-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17-ஆம் நாள், தமது 76-ஆம் வயதில் அடிகளார் இறைவனடி சேர்ந்தார். காசநோய்க்கு அன்று மருந்தில்லை, இன்று உண்டு. அதனைக் கைவிட்டு நீரை மட்டும் நம்புவது பேதைமை. இதயநோயும் இரத்தக்குழாய் நோயும் உள்ளோர் மருத்துவரைக் கேளாமல் குளிர்நீர் முறைகளில் இறங்கலாகாது. பாதங்கள் சில்லிட்டிருக்கும்போது குளிர்நீரில் கால் வைத்தலும் கூடாது என்பது அம்முறையின் அடிப்படை விதிகளுள் ஒன்று.

இல்லமே இளைப்பாறும் இடமாக

அன்பார்ந்த பெற்றோர்களே! தொலைதூர இல்லத்திற்குச் சென்று தங்க இயன்றோர் சென்று வரட்டும், அதில் தவறில்லை. ஆனால் அங்கே கண்ட ஒழுங்கை வீட்டிற்குக் கொணராத விருந்தினர், செலவழித்த பணத்தைத் தவிர வேறெதையும் இழக்கவில்லை என்று சொல்லமுடியுமா? நல்ல வாய்ப்பையும் அல்லவா இழந்து நிற்கின்றனர்!

நம்மில் பெரும்பாலோர்க்கு அத்தகைய பயணம் வாய்க்காது. குறிப்பாக, விடியுமுன் எழுந்து, எல்லாரும் உறங்கியபின் உறங்கும் நம் இல்லத்தரசிகளை எண்ணிப் பாருங்கள். அவர்களுக்கு ஞாயிறும் வேலைநாளே. கணவனும் பிள்ளைகளும் அடுக்களையில் கைகொடுத்து, வாரத்தில் ஒருநாள் மாலையையாவது அவர்களுக்கு விடுவித்துக் கொடுத்தால், அதுவன்றோ முதல் நல்வாழ்வு இல்லம்! குறித்த நேரத்தில் கூடியுண்ணும் எளிய உணவு, குடும்பமாய்ச் சொல்லும் செபமாலை, கைப்பேசியை ஒதுக்கிவைத்த ஒரு மணி நேரம், பகைகொண்டவரோடு பொழுது சாயுமுன் ஒப்புரவு, நேரத்தோடு உறக்கம் ஆகியவற்றிற்குக் கட்டணம் இல்லை. ஆயினும் இவற்றை விலைகொடுத்து வாங்கவும் முடியாது.

வோரிஸ்ஹோபன் கல்லறைத் தோட்டத்துச் சிற்றாலயத்தில் க்னைப் அடிகளார் துயில்கிறார். அவர் தந்த சிகிச்சைமுறை, 2015-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலிலும் இடம்பெற்றது. அவருக்கு நாம் செலுத்தக்கூடிய சிறந்த நன்றி வேறொன்றுண்டு. நம் வீட்டில் களைத்திருப்பவர் யார் என்று இன்றிரவே பார்த்து, அவர் சற்றே இளைப்பாற வழிசெய்வதே அந்த நன்றி.