ஒலியைப் பிடித்து வைக்கும் பெட்டி

ஆடி மாதத்தில் வீராம்பட்டினம் தேரோட்டத்துக்குப் போயிருக்கிறீர்களா? அரியாங்குப்பத்துக்குக் கிழக்கே கடலோரத்தில் செங்கழுநீர் அம்மனின் தேர் அசைந்து வரும். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்த தேர் அது. அம்மன் திருவிழா என்றால் தவில், நாதஸ்வரம், பம்பை, உடுக்கை எல்லாம் உண்டு. அந்த ஒலிகளைப் பிடித்து ஒரு பெட்டியில் அடைத்து, வேண்டும்போது ஒரு பொத்தானைத் தட்டி வெளியே விட முடியுமா?

முடியும். அந்தப் பெட்டிக்குச் சாம்ப்ளர் என்று பெயர். உங்கள் தெருப் பிள்ளைகள் பணம் சேர்த்து ஒன்று வாங்க நினைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பல மாதச் சேமிப்பு அது. பளபளப்பைப் பார்த்து வாங்கினால் பணமும் போய்விடும், பம்பையும் பம்பை மாதிரி ஒலிக்காது. ஆகவே கடைக்குப் போவதற்கு முன் பெட்டிக்குள் நடப்பது என்ன என்று பார்த்துவிடுவோம்.

இந்த யோசனை பழையது. 1963-ல் இங்கிலாந்தில் மெல்லோட்ரான் என்ற கருவி வந்தது. அதில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு காந்த நாடா இருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். ஏறக்குறைய எட்டு விநாடியில் தீர்ந்துவிடும். 1979-ல் ஆஸ்திரேலியாவில் வந்த ஃபேர்லைட் கருவி நாடாவைத் தூக்கி எறிந்துவிட்டு ஒலியை எண்களாக மாற்றிச் சேமித்தது. விலையோ மாளிகை விலை! பிறகு விலை இறங்கியது, நம் ஊர்க் கலைஞர்கள் கைக்கும் வந்தது. கோடம்பாக்கத்தில் வீட்டை ஒட்டி அமைத்த ஒலிப்பதிவுக் கூடத்தில் ஏ.ஆர்.ரகுமான் உருவாக்கிய ‘ரோஜா’ படப் பாடல்கள் 1992-ல் வந்தபோது, இத்தகைய கருவிகளால் என்ன செய்ய முடியும் என்பதைத் தமிழ்நாடே கேட்டது.

ஒலியை எண்ணாக மாற்றுவது எப்படி? ஒலி என்பது காற்றின் அதிர்வு. அதை மைக் மின் அலையாக மாற்றுகிறது. அந்த அலையின் உயரத்தைக் கருவி ஒரு விநாடியில் ஆயிரக்கணக்கான தடவை அளந்து குறித்துக்கொள்கிறது. ஒவ்வோர் அளவும் ஒரு மாதிரி. சோறு வெந்ததா என்று பார்க்க ஒரு பருக்கை போதும், ஒலிக்குப் போதாது.

எத்தனை மாதிரி வேண்டும்? சினிமாவில் மாட்டுவண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவதுபோல் தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். சக்கரம் வேகமாகச் சுழல, விநாடிக்கு 24 படங்கள் மட்டுமே எடுக்கும் கேமரா ஏமாந்துபோகிறது. ஒலியிலும் அப்படித்தான். ஓர் அலை விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறதோ, அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் மாதிரி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வேறு அலையாகத் தோன்றிவிடும். நம் காதுக்கு ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதனால்தான் இசைத்தட்டுக்கு விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்று வைத்தார்கள். பழைய தொலைபேசி முறையில் 8,000 மாதிரிகள்தான். பேச்சு புரிந்தது; ஆனால் ஜால்ராவின் ‘ஜிங்’ அதில் செத்துப்போகும். பம்பையின் ‘தும்’ ஓரளவு தப்பிவிடும்.

இன்னொன்று, அளவுகோலின் நுணுக்கம். இதை பிட் என்ற கணக்கில் சொல்வார்கள். 8 பிட் என்றால் அலையின் உயரத்தை 256 படிகளில்தான் குறிக்கலாம். 16 பிட் என்றால் 65,536 படிகள். உரத்த ஒலியில் இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. தம்பூராவை மீட்டிவிட்டுக் காத்திருந்து பாருங்கள். நாதம் தேய்ந்துகொண்டே போகும். தேய்ந்த ஒலிக்கு 8 பிட் கருவியில் நாலைந்து படிகள்தான் மிஞ்சும். நாதத்துக்குப் பதில் கரகரப்பு கேட்கும். (அந்தக் கரகரப்பே அழகு என்று பழைய கருவிகளைத் தேடி வாங்குவோரும் இருக்கிறார்கள். அது ருசியைப் பொறுத்தது.)

இனி நினைவகக் கணக்கு. விநாடிக்கு 44,100 மாதிரி, ஒவ்வொன்றுக்கும் 2 பைட். பெருக்கினால் விநாடிக்கு 88,200 பைட். ஒரு நிமிடத்துக்கு 52,92,000 பைட். இது ஒற்றை ஒலித்தடத்துக்கு. இரட்டைத் தடம் என்றால் இருமடங்கு. யாராவது ஃப்ளாப்பி வட்டு போடும் பழைய சாம்ப்ளரைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1.44 மெகாபைட் வட்டில் பதினாறு விநாடிதான் கொள்ளும். வட்டு கிடைப்பதும் இன்று அரிது.

விளம்பரத்தில் எழுதாத சங்கதிகளும் உண்டு. சாம்ப்ளர் என்று பெயர் இருந்தாலே அது பதிவு செய்யும் என்று எண்ண வேண்டாம். கோர்க் நிறுவனம் 2014-ல் கொண்டுவந்த வோல்கா சாம்பிள் என்ற சிறு கருவியில் மைக்கே கிடையாது. வெளியில் பதிவு செய்த ஒலியைத்தான் அதில் ஏற்ற வேண்டும். மொத்தம் 65 விநாடிக்கு இடம். தாளக்கட்டு அமைக்க அருமையான கருவி. தேரோட்டத்துக்குத் தூக்கிப்போக உதவாது.

ஒரே சமயத்தில் எத்தனை ஒலிகளை எழுப்பும் என்றும் கேளுங்கள். கோயில் மணி ஒருமுறை அடித்தால் ஐந்து விநாடி ரீங்கரிக்கிறது என்போம். அரை விநாடிக்கு ஒருமுறை தட்டினால் பத்து மணியொலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். எட்டு ஒலி மட்டுமே எழுப்பும் கருவி பழைய ஒலியின் கழுத்தை நெரித்துவிட்டுத்தான் புதியதை எழுப்பும்.

அடுத்தது தட்டும் வேகம். தவில்காரர் வலந்தலையில் விரல்கூடு மாட்டி அடிக்கிறார். தொப்பியில் கழியால் அடிக்கிறார். மெல்ல அடித்தால் ஒலியின் அளவு மட்டுமா குறைகிறது? குணமே மாறுகிறது. ஆகையால் ஒரு சொல்லை மெல்ல, நடுத்தரமாக, ஓங்கி என்று மூன்று விதமாகப் பதிந்து, நாம் தட்டும் வேகத்துக்கு ஏற்ப எடுத்துத் தரும் கருவியே தேவை. தாள வாத்தியத்துக்குப் பட்டன் பலகை உள்ள கருவி நல்லது. ராகம் வாசிக்க விரும்பினால் கட்டைகள் உள்ளது, அல்லது வெளிக் கட்டைப்பலகையை இணைக்க வழியுள்ளது.

நாதஸ்வரம்தான் எந்தச் சாம்ப்ளரையும் திணறடிக்கும். ஒரு ஸ்வரத்தைப் பதிந்து இருமடங்கு வேகத்தில் ஓட்டினால் மேல் ஸ்தாயி வரும். ஆனால் நேரம் பாதியாகும், குரல் எலியின் கீச்சொலி ஆகும். ஆகவே இரண்டு மூன்று ஸ்வரத்துக்கு ஒரு பதிவு வேண்டும். அப்படியும் கமகம் வராது. கமகம் என்பது ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிச் செல்லும் பாதை. தனித்தனி ஸ்வரங்களை ஒட்டி அதைச் செய்ய இயலாது. முழுச் சங்கதியாகப் பதிவதே என் யோசனை. அதற்கு நினைவகம் கூடுதலாக வேண்டும். மேலே போட்ட கணக்கு இங்கே உதவும்.

பதிவதற்கு முன் வித்துவானிடம் அனுமதி கேளுங்கள். வாசிப்பவருக்குத் தம் வாசிப்பின்மேல் உரிமை உண்டு என்பதை இந்தியச் சட்டம் 1994-ல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. பாடலை விற்கப் போகிறீர்கள் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வாங்கும் அன்று தேய்ந்து மறையும் ஒலி ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். வீட்டு வெண்கலச் செம்பை ஒருமுறை தட்டிச் செல்பேசியில் பதிந்தாலும் போதும். கடையில் அதைக் கருவியில் ஏற்றி, நல்ல ஹெட்ஃபோனில் கடைசி இரண்டு விநாடியை மட்டும் கேளுங்கள். பிறகு பட்டனை விரைவாகப் பத்துமுறை தட்டுங்கள். முதல் தட்டின் ரீங்காரம் பத்தாவது தட்டுக்கும் அடியில் கேட்கிறதா என்று கவனியுங்கள்.